கடுஞ்சொல்லும் கலைச்சொல்லும்: ஆங்கில இலக்கியச் சொற்களைக் கற்கும் நெறி

ஆங்கிலத்தின் உயர்நிலைச் சொற்களில் பெரும்பாலானவை ஆங்கிலேயருக்கே வெளியிலிருந்து வந்தவை. 1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்றபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு கோலோச்சியது. திருச்சபையிலும் கல்விக்கூடத்திலும் லத்தீன் அதற்கு முன்பே நிலைபெற்றிருந்தது. எளிய மக்கள் பேசிய பழைய ஆங்கிலம் அடித்தளமாக நின்றது. பதினாறாம் நூற்றாண்டில் கிரேக்க, லத்தீன் நூல்களை மொழிபெயர்க்கும் ஆர்வம் பெருகியபோது ஆயிரக்கணக்கான சொற்கள் ஏறத்தாழ உருமாறாமலே எடுத்தாளப்பட்டன. இப்படி ஒரே கருத்துக்கு மூன்று அடுக்குச் சொற்கள் அமைந்தன. அரசத் தன்மையைக் குறிக்கும் சொற்களில் ‘கிங்லி’ மண்ணின் சொல், ‘ராயல்’ பிரெஞ்சு வழி வந்தது, ‘ரீகல்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘ஆஸ்க்’ யாரும் யாரிடமும் கேட்பது. ‘க்வெஸ்சன்’ ஐயத்தோடு வினவுவது. ‘இன்டராகேட்’ அதிகாரம் உடையவர் துருவி விசாரிப்பது. அடுக்கு உயர உயரச் சொல் வீட்டுப் பேச்சை விட்டு விலகி ஏட்டை நெருங்குகிறது.

இந்த வரவை இங்கிலாந்து எதிர்ப்பின்றி ஏற்கவில்லை. புதிய லத்தீன் சொற்களுக்கு ‘மைக்கொம்புச் சொற்கள்’ என்று ஏளனமாகப் பெயரிட்டார்கள். அக்கால எழுத்தர்கள் மையை மாட்டுக் கொம்பில் ஊற்றி வைத்திருந்ததால் வந்த பெயர் அது. தாமஸ் வில்சன் 1553இல் எழுதிய சொல்லணி நூலில் இத்தகைய சொற்களாலேயே நிரப்பிய ஒரு கடிதத்தைக் கேலிக்காகச் சேர்த்தார். கேம்பிரிட்ஜில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த ஜான் சீக் தனித்தமிழ் இயக்கத்தாரை நினைவூட்டும் உறுதியோடு தனி ஆங்கிலம் எழுத முயன்றார். மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தபோது நூறு வீரர்களின் தலைவனுக்கு வழங்கிய லத்தீன் சொல்லை விலக்கி, ‘நூறு’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லிலிருந்தே ‘ஹண்ட்ரடர்’ என ஒரு பெயரை ஆக்கிக்கொண்டார். அந்தச் சொல் பிழைக்கவில்லை. வில்சன் கேலி செய்த கடிதத்தில் இருந்த ‘மண்டேன்’, ‘டெக்ஸ்டெரிட்டி’, ‘செலிபிரேட்’ ஆகியவையோ இன்றும் வாழ்கின்றன. அதே கடிதத்தின் ‘இன்ஜென்ட்’ மறைந்துவிட்டது. எந்தச் சொல் நிலைக்கும் என்பதை அறிஞர்களின் விருப்பு வெறுப்புகள் முடிவு செய்வதில்லை. எழுதுவோரும் படிப்போரும் அதற்கு ஒரு வேலையைக் கண்டுபிடித்தால் சொல் நிலைக்கிறது.

ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் முதல் அகராதி இந்தச் சூழலில்தான் தோன்றியது. பள்ளி ஆசிரியராகவும் மதகுருவாகவும் பணியாற்றிய ராபர்ட் காட்ரே 1604இல் அதை வெளியிட்டார். ஏறத்தாழ 2,500 கடுஞ்சொற்கள் மட்டுமே அதில் உண்டு. எளிய சொற்களுக்கு அங்கே இடமில்லை. லத்தீன் கல்வி மறுக்கப்பட்ட பெண்களையும் பள்ளிப் பயிற்சி குறைந்தவர்களையும் மனத்தில் கொண்டு அதைத் தொகுத்ததாக முகப்பிலேயே குறிப்பிட்டிருந்தார். 1623இல் ஹென்றி காக்கரம் வெளியிட்ட அகராதியும் கடுஞ்சொற்களுக்கே உரியது. 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி எல்லா நிலைச் சொற்களையும் அரவணைத்து 42,000 அளவிலான தலைச்சொற்களைக் கொண்டது. அதன் பெரும் சிறப்பு வேறொன்று: ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களை எழுத்தாளர்களிடமிருந்து திரட்டி, ஒவ்வொரு சொல்லும் நல்லோர் நாவில் எப்படி வழங்கியது என்று ஜான்சன் காட்டினார். 1884இல் முதல் பகுதி வெளிவந்து 1928இல் நிறைவுற்ற ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி இந்த வழியையே வரலாற்று முறையில் விரித்தது. சொல்லின் பொருள் அதன் வழக்கில் இருக்கிறது என்ற கொள்கையை அகராதிக் கலை இவ்வாறு நிறுவியது. கற்போர் பலர் அந்தக் கொள்கையை மறந்து பட்டியலை மட்டும் கையில் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த வரலாற்றிலிருந்து கிடைக்கும் ஒரு செய்தி தமிழ் மாணவர்க்கு மிகவும் தேவையானது. ‘லொகுவேஷஸ்’, ‘மெட்டோனிமி’ போன்ற சொற்கள் லண்டனில் பிறந்த குழந்தைக்கும் தாய்ப்பாலோடு வருவதில்லை. அக்குழந்தையும் பள்ளிக்குப் போய், நூல் படித்து, அகராதியைப் புரட்டித்தான் அவற்றைப் பெறுகிறது. அன்றாடப் பேச்சில் ஆங்கிலேயர்க்கு உள்ள முன்னிலை இந்த மேல் அடுக்கில் வெகுவாகக் குறைகிறது. ஆகவே அச்சத்துக்கோ தாழ்வு மனப்பான்மைக்கோ இங்கே இடமில்லை.

கலைச்சொற்கள்

இலக்கியக் கலைச்சொற்களில் மூத்தவை கிரேக்கச் சொல்லணி மரபிலிருந்து வந்தவை. மெட்டஃபர், ஐரனி, ஹைபர்போலி, மெட்டோனிமி, சினெக்டகி எல்லாம் முதலில் மேடையில் பேசுவோர்க்குக் கற்பிக்கப்பட்ட உத்திகளின் பெயர்கள். இவற்றை ஆங்கில வாசகர்க்குப் புரியவைக்க 1589இல் ஒரு துணிந்த முயற்சி நடந்தது. அந்த ஆண்டு ஆசிரியர் பெயரின்றி வெளியான ‘ஆங்கிலக் கவிதைக் கலை’ என்ற நூலை ஜார்ஜ் புட்டனம் எழுதியதாகக் கொள்வர். ஒவ்வோர் அணிக்கும் அவர் ஆங்கிலத்தில் ஒரு பட்டப்பெயர் சூட்டினார். ஐரனிக்கு ‘வறண்ட கேலி’, சார்காசத்துக்குக் ‘கசந்த ஏளனம்’, மெட்டோனிமிக்குப் ‘பெயர் மாற்றிச் சொல்பவன்’ என்ற பொருளில் பெயர்கள் வைத்தார். ஹைபர்போலியை எல்லை மீறுபவன் என்றும் உரக்கப் பொய் சொல்பவன் என்றும் அழைத்தார். அந்தப் பெயர்கள் வழக்கில் நிற்கவில்லை என்றாலும், அணி என்ன செய்கிறது என்பதைப் பெயரிலேயே பதித்த அவருடைய அணுகுமுறை கற்பித்தலுக்கு இன்றும் உகந்தது. மாணவர் ஒரு கலைச்சொல்லைத் தம் மொழியில் ஒரு செயலாகச் சொல்லிப் பார்க்க முடிந்தால் பாதி கற்றுவிட்டார்.

தமிழ் இலக்கணம் படித்தவர்க்கு இந்தப் பகுதியில் ஒரு முன்னனுகூலம் உண்டு. மெட்டோனிமியும் சினெக்டகியும் ஆங்கில மாணவர்களை அடிக்கடி குழப்புபவை. நன்னூல் வழி ஆகுபெயரைக் கற்றவர்க்கு இந்த வேறுபாடு பழகிய ஒன்று. ‘தலைக்கு நூறு ரூபாய்’ என்பதில் தலை ஆளைக் குறிக்கிறது. உறுப்பு முழுமைக்கு ஆகி வரும் இந்தச் சினையாகுபெயர்தான் சினெக்டகியின் முதன்மை வகை. கப்பலில் எல்லாக் ‘கைகளையும்’ மேல்தளத்துக்கு அழைக்கும் ஆங்கில வழக்கில் கைகள் என்பது மாலுமிகளைக் குறிப்பதும் அதுவே. ‘ஊர் சிரித்தது’ என்ற இடவாகுபெயர் மெட்டோனிமியைச் சேரும். அரசையோ அரசாட்சியையோ ‘மகுடம்’ என்று ஆங்கிலேயர் குறிப்பதும் அவ்வகையே. உறுப்புக்கும் முழுமைக்கும் உள்ள உறவா, அருகிலிருக்கும் தொடர்பா என்று ஒரு வினா எழுப்பினால் பெரும்பாலான எடுத்துக்காட்டுகள் தெளிவாகிவிடும்.

உவமையிலும் இப்படியே. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் 1936இல் மெட்டஃபரின் இரு பாதிகளுக்கு ‘டெனர்’, ‘வெகிக்கிள்’ என்று பெயரிட்டார். அதுவரை ஆங்கிலத் திறனாய்வில் இரண்டையும் பிரித்துச் சுட்ட நிலையான பெயர்கள் இல்லை என்று அவர் குறைபட்டுக்கொண்டார். பொருள், உவமை என்றும் உவமேயம், உவமானம் என்றும் நம் மரபு அவற்றை நெடுங்காலமாகப் பிரித்தே பேசி வந்திருக்கிறது. ஒப்புமை எதில் அமைகிறது என்பதையும் தொல்காப்பிய உவமவியல் வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தது. முகம் நிலவைப் போன்றது என்றால் அது வடிவாலா, நிறத்தாலா, தரும் குளிர்ச்சியாலா என்று கேட்கப் பழகிய மாணவர் ஆங்கிலக் கவிதைக்கும் அந்தக் கேள்வியைக் கொண்டுசெல்லலாம்.

ஆனால் எல்லா இடத்திலும் ஒன்றுக்கு ஒன்று ஈடு தேடினால் வழி தவறும். ஐரனியை வஞ்சப்புகழ்ச்சி என்று பல கையேடுகள் எழுதிவிடுகின்றன. வஞ்சப்புகழ்ச்சி புகழ்வது போலப் பழிப்பதும் பழிப்பது போலப் புகழ்வதுமாகும். ஐரனி என்னும் பெரும்பரப்பில் அது ஒரு மூலை. நாடகத்தில் பாத்திரம் அறியாததைப் பார்வையாளர் அறிந்திருக்கும் நிலையும் ஐரனி எனப்படும். கிரேக்கத் துன்பியல் நாடகத்தில், முந்தைய மன்னன் லையஸைக் கொன்றவனைப் பிடித்தே தீருவேன் என்று மன்னன் ஈடிபஸ் சூளுரைக்கும்போது, கொன்றவன் அவனே என்று அரங்கம் அறியும். அங்கே புகழ்ச்சியும் இல்லை, பழிப்பும் இல்லை.

ஜான் ரஸ்கின் ஆக்கிய ‘பெதட்டிக் ஃபாலசி’ இன்னும் ஆழமான எடுத்துக்காட்டு. ‘நவீன ஓவியர்கள்’ நூலின் மூன்றாம் தொகுதியில், 1856இல், அவர் இந்தத் தொடரைப் படைத்தார். கடல் நுரையைக் கொடியது என்று சொல்லும் சார்லஸ் கிங்ஸ்லியின் வரிகளைக் காட்டி, உணர்ச்சி மிகுந்த மனம் உயிரற்ற பொருளின் மேல் தன் குணத்தை ஏற்றிப் பார்க்கிறது, அது ஒரு பொய்த்தோற்றம் என்றார். உணர்ச்சி உண்மையாக இருந்தால் அதைப் பொறுக்கலாம்; ஆயினும் மிக உயர்ந்த கவிஞர்கள் பொருளை உள்ளபடியே காண்பார்கள் என்பது அவர் துணிபு. தமிழில் இதற்கு மிக அருகில் நிற்பது தற்குறிப்பேற்ற அணி. மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைவதைக் கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டா என்று தடுப்பதாகச் சிலப்பதிகாரம் காட்டும் இடத்தைப் பள்ளி மாணவரும் அறிவர். நிகழ்ச்சி ஒன்றே போன்றது. மதிப்பீடு நேர் எதிரானது. ரஸ்கின் குறையாகக் கண்டதைத் தண்டியலங்கார மரபு அழகாகக் கண்டது. இரண்டையும் சமன் செய்து ஒரு வரியில் மனப்பாடம் செய்தவர் இந்த முரணைத் தவறவிடுவார். இரு மரபுகளும் இயற்கையைக் குறித்துக் கொண்டிருந்த எண்ணங்கள் அந்த முரணில்தான் வெளிப்படுகின்றன. பிற்காலத் திறனாய்வில் ரஸ்கினின் தொடரே கண்டனப் பொருளை இழந்து வெறும் விவரணையாக வழங்குகிறது என்பதையும் சேர்த்து அறிதல் வேண்டும்.

யாப்புச் சொற்களில் தமிழ் மாணவர் இடறுவதற்குத் தெளிவான காரணம் உண்டு. தமிழ் யாப்பு குறில், நெடில், ஒற்று ஆகியவற்றைக் கொண்டு நேர், நிரை என அசை பிரிக்கிறது. கிரேக்க, லத்தீன் யாப்பும் ஒலியின் நெடுமை குறுமையை அடிப்படையாகக் கொண்டதே. ‘அயாம்ப்’, ‘ட்ரோக்கி’ முதலிய பெயர்கள் அங்கே பிறந்தவை. ஆங்கிலமோ அழுத்தத்தால் நடக்கும் மொழி. அழுத்தம் குறைந்த அசையை அடுத்து அழுத்தம் மிகுந்த அசை வந்தால் அயாம்ப். அப்படி ஐந்து வந்தால் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதன்மை அடியான அயாம்பிக் பென்டாமீட்டர். இரவல் பெயரால் ஆங்கிலக் கவிஞர்களே குழம்பிய காலம் உண்டு. பிலிப் சிட்னி நெடுமை குறுமை அளவில் ஆங்கிலக் கவிதை எழுதிப் பார்த்தார். தாமஸ் காம்பியன் 1602இல் அந்த முறைக்காக வாதாடினார். சாமுவேல் டேனியல் உடனே மறுப்பு எழுதி, எதுகைத் தொடையோடு கூடிய மண்ணின் மரபைக் காத்து நின்றார். விரல் விட்டு மாத்திரை எண்ணும் பழக்கத்தை ஒதுக்கி, வரியை உரக்கப் படித்து எங்கே குரல் அழுந்துகிறது என்று கேட்பதே தமிழ் மாணவர்க்கு வழி. காது பழகாமல் இந்தப் பகுதியை ஏட்டால் கற்க முடியாது.

டேனியல் காத்த தொடையை மேலே எதுகை என்றது வழக்கம் பற்றி. ‘ரைம்’ என்பதைத் தமிழில் அப்படியே மொழிபெயர்க்கிறார்கள். செய்யுள் தொடையில் எதுகை அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒன்றுவது. ஆங்கில ரைம் அடி இறுதியில் ஒன்றுவது. ஆகவே அதற்கு இயைபுத் தொடையே நெருங்கிய உறவு. முதலெழுத்து ஒன்றும் மோனைக்கு ‘அலிட்டரேஷன்’ இணையாகும். ‘பேவுல்ஃப்’ போன்ற பழைய ஆங்கிலக் காப்பியங்களில் அடியைத் தாங்கும் தூணே அதுதான்.

அரிஸ்டாட்டிலின் ‘கவிதையியல்’ தந்த துன்பியல் சொற்கள் மற்றொரு தொகுதி. அவற்றுள் ‘ஹமார்ஷியா’ பெரிதும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. வேர்ப்பொருளில் அது குறி தப்புவது. பாடநூல்கள் அதை நாயகனின் குணக்குறை என்று சுருக்கிவிட்டதால், மாணவர்கள் எந்த நாயகனிடமும் ஒரு குற்றத்தைத் தேடிக் கண்டுபிடித்து எழுதுகிறார்கள். ஈடிபஸின் வீழ்ச்சிக்கு அவன் சினமே காரணம் என்று எழுதினால் நாடகத்தின் கொடுமை கரைந்துவிடும். தந்தை என்று அறியாமல் கொன்றான், தாய் என்று அறியாமல் மணந்தான் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. ஒரு சொல்லின் பிழையான பொருள் ஒரு நாடகத்தையே மாற்றிப் படிக்க வைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

மூன்றாவது தொகுதி, தனி மனிதர் ஒருவர் குறிப்பிட்ட தேவைக்காக ஆக்கிய சொற்கள். கோலரிட்ஜ் 1817இல் வாசகர் தம் அவநம்பிக்கையை விரும்பி ஒத்திவைப்பது பற்றி எழுதினார். 1798இல் வெளியான ‘லிரிக்கல் பாலட்ஸ்’ தொகுப்பில் வேர்ட்ஸ்வொர்த் அன்றாட வாழ்வையும் தாம் இயற்கை கடந்த நிகழ்ச்சிகளையும் பாடுவது என்று பங்கிட்டுக்கொண்டதை விளக்கும் இடம் அது. பேய்க்கப்பல் வரும் கவிதையை வாசகர் எப்படி ஏற்பார் என்ற கவலையிலிருந்து அந்தத் தொடர் பிறந்தது. அதே 1817ஆம் ஆண்டு டிசம்பரில் கீட்ஸ் தம் தம்பியர்க்கு எழுதிய கடிதத்தில் ‘நெகட்டிவ் கேப்பபிலிட்டி’ என்ற தொடர் ஒரே ஒருமுறை வருகிறது. ஐயத்திலும் புதிரிலும் அவசரப்படாமல் தங்கியிருக்கும் ஆற்றலை ஷேக்ஸ்பியரிடம் கண்டு அதற்கு அவர் இட்ட பெயர் அது. டி.எஸ். எலியட் 1919இல் ‘அப்ஜெக்டிவ் கோரிலேட்டிவ்’ என்ற கருத்தை முன்வைத்தது ‘ஹாம்லெட்’ கலைத்தோல்வி என்று வாதிட. நாயகனின் உணர்ச்சிக்கு ஈடான நிகழ்ச்சிகள் நாடகத்தில் இல்லை என்றார். விக்டர் ஷ்க்ளோவ்ஸ்கி 1917இல் பழகியதைப் புதிதாகக் காட்டும் உத்தியைப் பேசியபோது, மனிதரின் சொத்துரிமையை ஒரு குதிரையின் கண்ணால் பார்க்கும் டால்ஸ்டாய் கதையைச் சான்று காட்டினார். இந்தச் சொற்களின் வரையறையை மட்டும் படிப்பவர்க்கு அவை வெறும் பாரம். எந்த நூலை முன்னிட்டு, யாரை மறுத்து, எதற்காகச் சொல்லப்பட்டன என்று படிப்பவர்க்கு ஒவ்வொன்றும் ஒரு வாதம். ஏற்கவும் மறுக்கவும் உரிமை பிறக்கிறது. எலியட்டின் சொல்லை நன்கு கற்ற மாணவர் ‘ஹாம்லெட்’ பற்றிய அவருடைய தீர்ப்பை மறுத்து எழுதலாம்.

எம்.எச். ஏப்ரம்ஸின் கலைச்சொல் தொகுதி 1957 முதல் பல பதிப்புகள் கண்டு மாணவர் கைகளில் உலவுவதற்குக் காரணம், அது ஒவ்வொரு சொல்லையும் சிறு கட்டுரையாக, வரலாற்றோடும் எடுத்துக்காட்டோடும் விளக்குவதே. ஜே.ஏ. கட்டனின் பெரிய அகராதி 1977இல் வந்தது. ஐயம் நேரும்போது புரட்டிப் பார்க்க உகந்தது.

கலைச்சொல் தெரிந்தால் கவிதை புரிந்துவிடும் என்ற நம்பிக்கையை ரிச்சர்ட்ஸ் நடத்திய சோதனை ஒன்று தகர்த்தது. கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் ஆசிரியர் பெயரும் காலமும் நீக்கிய கவிதைகளைக் கொடுத்து, கருத்துகளை எழுதி வாங்கினார். அவற்றுள் பதின்மூன்று கவிதைகளுக்கு வந்த கருத்துகளை ஆராய்ந்து 1929இல் ‘பிராக்டிக்கல் கிரிட்டிசிசம்’ நூலாக வெளியிட்டார். இலக்கியமே பாடமாகக் கொண்ட மாணவர்கள் பலர் கவிதையின் நேர்ப்பொருளையே பிடிக்கத் தவறியிருந்தார்கள். பத்துத் தடைகளை வரிசைப்படுத்திய ரிச்சர்ட்ஸ் முதலாவதாக வைத்தது இந்தக் குறையையே. இங்கே அலிட்டரேஷன், அங்கே மெட்டஃபர் என்று அடிக்கோடிட்டு எழுதும் விடைத்தாள்கள் நம் கல்லூரிகளில் குவிகின்றன; எந்தச் சொல் எதைச் சுட்டுகிறது என்ற எளிய கேள்விக்கு அவற்றில் விடை இருப்பதில்லை. முதலில் உரைநடையில் பொருள் சொல்லுதல், பிறகு அணியைக் காணுதல், அதன் பின் அணி அந்தப் பொருளுக்கு என்ன செய்தது என்று சொல்லுதல் என்பதே வரிசை. நம் பழைய உரையாசிரியர்கள் பதவுரைக்குப் பிறகே அணி நயம் பேசினார்கள். அந்த முறைமையில் பெரும் விவேகம் இருக்கிறது.

சொல்வளம்

பொதுச் சொல்வளத்துக்கு வந்தால், எதை எவ்வளவு கற்பது என்பதே முதல் கேள்வி. வங்காளத்தில் கல்வித்துறையில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் இந்தக் கேள்வியை ஆய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். டாக்கா மாணவர்க்கு ஆங்கில வாசிப்பைக் கற்பித்த பட்டறிவு அவருடைய பணிக்கு அடிப்படை. 1953இல் அவர் வெளியிட்ட பட்டியல் மிகுதியாக வழங்கும் 2,000 அளவிலான சொற்களைத் தொகுத்தது. அதைக் கடந்தவர்க்கு 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் ஏவரில் காக்ஸ்ஹெட் தொகுத்த கல்விச் சொற்பட்டியல் உதவும். அதில் 570 சொற்குடும்பங்கள் உண்டு. பல்கலைக்கழகப் பாடநூல்களில் வரும் சொற்களில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அவை வருகின்றன. நாவலையும் நாளிதழையும் துணையின்றிப் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்று பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்கும் நிலை அது. ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமலிருந்தால் வாசிப்பு தடைபடாது.

இந்தக் கணக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. அடித்தளமான இரண்டாயிரமும் கல்விச் சொற்களும் உறுதிப்படாமல் அரிய சொற்களை மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. ஆனால் பல ஆண்டுகள் தேர்வுகளே அந்த உழைப்பை வற்புறுத்தின. 1926இல் தொடங்கிய, அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வு எதிர்ச்சொல் வினாக்களை 1994இலும் சொல்லொப்புமை வினாக்களை 2005இலும் கைவிட்டது. 2016 மாற்றத்தில் அரிய சொற்களைச் சோதிப்பதையும் விட்டு, சூழலுக்கேற்பப் பொருள் காணும் வினாக்களுக்கு நகர்ந்தது. முதுநிலைப் படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வும் 2011இல் எதிர்ச்சொல், சொல்லொப்புமை வினாக்களை நீக்கியது. அந்தத் தேர்வுகளுக்காக ஆயிரக்கணக்கான சொற்களைத் தாங்கிய பழைய பட்டியல்கள் இன்னும் நம் ஊர்ப் பயிற்சி மையங்களில் சுழல்கின்றன.

வேர்ச்சொல் வழிக் கல்வி பட்டியலைவிட உயர்ந்தது. நார்மன் லூயிஸ் 1949இல் எழுதி, இந்தியாவில் பல தலைமுறை இளைஞர்கள் படித்த ‘வேர்டு பவர் மேட் ஈஸி’ இந்த வழியில் அமைந்தது. இலக்கியச் சொல்லும் உயர்நிலைச் சொல்லும் ஒரே வேரில் கிளைப்பதை இதில் காணலாம். பேசுதலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து நாடகத் தனிமொழியான ‘சொலிலகி’ வந்தது; வாயாடியைக் குறிக்கும் ‘லொகுவேஷஸ்’, பேச்சு வழக்கைக் குறிக்கும் ‘கொலோக்கியல்’, சுற்றி வளைத்துப் பேசும் ‘சர்க்கம்லொக்யூஷன்’ எல்லாம் அதன் உடன்பிறப்புகள். உணர்ச்சியைக் குறிக்கும் கிரேக்க ‘பேதாஸ்’ ரஸ்கினின் தொடரிலும் ‘அபதி’, ‘எம்பதி’, ‘ஆன்டிபதி’ ஆகியவற்றிலும் இருக்கிறது. பெயரைக் குறிக்கும் வேர் ‘சூடனிம்’ என்ற புனைபெயரையும் ‘மெட்டோனிமி’யையும் இணைக்கிறது. கலைச்சொற்களையும் பொதுச் சொற்களையும் தனித்தனிப் பாடமாக வைக்காமல் சேர்த்துக் கற்பிக்க இது நல்ல காரணம்.

வேர் பிறப்பைச் சொல்லும். இன்றைய வாழ்வை முழுதும் சொல்லாது. ‘எக்ரீஜியஸ்’ கூட்டத்திலிருந்து தனித்து நிற்பது என்ற வேர்ப்பொருளால் ஒருகாலத்தில் சிறப்பைக் குறித்தது; இன்று படுமோசமான பிழையையே குறிக்கிறது. ‘நைஸ்’ அறியாமையைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்தது என்று இன்று யார் நம்புவார்? ரஸ்கினின் ‘பெதட்டிக்’ உணர்ச்சி சார்ந்தது என்ற பொருளுடையது. இன்றைய பேச்சு வழக்கை வைத்து இரங்கத்தக்கது என்று கொண்டால் தொடரே பொருளற்றுப் போகும்.

சொல்லின் நிறமும் கூட்டும் இதைவிட நுட்பமானவை. ‘ஸ்லெண்டர்’, ‘தின்’, ‘ஸ்கின்னி’ மூன்றும் ஒல்லியான உடலைக் குறித்தாலும் முதலாவது பாராட்டு, கடைசி குறைகூறல். ‘ஃபேமஸ்’ புகழ் பெற்றவர். ‘நொட்டோரியஸ்’ கெட்ட பெயர் எடுத்தவர். மரியாதைக்குரிய ஒருவரைப் பாராட்டும் விழா மலரில் இந்த இரண்டும் இடம் மாறினால் நேரும் சங்கடம் பெரிது. தேநீர் ‘ஸ்ட்ராங்’ ஆகும், ‘பவர்ஃபுல்’ ஆகாது. தமிழிலும் கடுங்குளிர், கொட்டும் மழை என்கிறோம். கொட்டும் வெயில் என்பதில்லை. இத்தகைய கூட்டுகளை விதி சொல்லிக் கற்பிக்க இயலாது. பிறமொழியினர்க்கென்றே எழுந்த அகராதிகள் இங்கே கைகொடுக்கும். ஏ.எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த காலத்தில் தொகுத்தது 1942இல் டோக்கியோவில் வெளிவந்து, பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகி உலகெங்கும் பரவியது. 1978இன் லாங்மன் அகராதி ஏறத்தாழ இரண்டாயிரம் எளிய சொற்களாலேயே எல்லாப் பொருளையும் விளக்கியது. 1987இல் வந்த கோபில்டு, மெய்யான வழக்கிலிருந்து திரட்டிய எடுத்துக்காட்டுகளோடு முழு வாக்கியத்தில் பொருள் சொன்னது. ஆங்கிலம்–தமிழ் அகராதி தொடக்கத்துக்குத் துணை. உயர்நிலைச் சொல்லுக்கு இந்த மூன்றில் ஒன்றையாவது அருகில் வைத்திருத்தல் வேண்டும்.

நினைவில் நிறுத்துதல்

ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதி தொடக்கத்தில் விரைந்தும் பின்னர் மெதுவாகவும் நிகழ்வதைக் காட்டினார். பொருளற்ற அசைகள் என்பது கவனத்துக்குரியது. சூழலின்றிப் பட்டியலில் கற்கும் சொல் அந்த அசைகளுக்கு மிக நெருங்கியது. கார்பிக்கியும் ரோடிகரும் 2008இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் நாற்பது ஸ்வாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்றார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன பிறகும் தம்மைத் தாமே தொடர்ந்து சோதித்துக்கொண்டவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ எண்பது விழுக்காடு நினைவுகூர்ந்தார்கள். சோதனையை நிறுத்திவிட்டுத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆகவே ஏட்டை மூடிவிட்டு மனத்திலிருந்து வருவிப்பதே பயிற்சி. இடைவெளியை மெல்ல நீட்டியபடி அட்டைகளைச் சோதிக்கும் பெட்டி முறையை ஜெர்மனியின் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் பரப்பினார்; இன்றைய கைப்பேசிச் செயலிகள் பல அந்த முறையின் வழிவந்தவை.

அட்டையில் என்ன எழுதுவது என்பது அதைவிட முக்கியம். சொல்லும் பொருளும் மட்டும் இருந்தால் போதாது. சொல்லைச் சந்தித்த வாக்கியம், அது வந்த நூல், வேர் பயன்பட்டால் வேர், நிறத்தால் வேறுபடும் பக்கத்துச் சொல் ஒன்று, மாணவர் சொந்தமாக ஆக்கிய வாக்கியம் ஆகியவை இடம்பெறட்டும். இப்படி வாரத்துக்குப் பத்துச் சொல் கற்பவர் நாளுக்கு ஐம்பது மனப்பாடம் செய்பவரைவிட ஓராண்டின் முடிவில் செல்வராக இருப்பார்.

கற்ற சொல்லை எல்லாம் எழுத்தில் கொட்டிவிடவும் தேவையில்லை. ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரையில், குறுஞ்சொல் போதுமான இடத்தில் நெடுஞ்சொல்லைப் புகுத்துவதைக் கடுமையாகக் கண்டித்தார். படித்து அறியும் சொற்கள் பலவாகவும் எழுதி ஆளும் சொற்கள் சிலவாகவும் இருப்பது எந்த மொழியிலும் இயல்பு. ‘இன்டராகேட்’ தெரிந்தவர் ‘ஆஸ்க்’ என்று எழுதும்போது அது தெரிந்தெடுத்த சொல்லாகிறது.

இவற்றையெல்லாம் தேர்வு முறை தடுக்காமல் இருந்தால்தான் வகுப்பறையில் நடக்கும். ஐரனி என்றால் என்ன, ஐந்து மதிப்பெண் என்று வினா கேட்கும் வரை மாணவர் வரையறையையே மனப்பாடம் செய்வர். வினாத்தாள் அமைப்போர் முன்பின் படிக்காத பத்து வரிகளைத் தந்து, அவற்றின் நேர்ப்பொருளை எழுதச் சொல்லி, பின்னர் ஒரு கலைச்சொல்லைக் கொண்டு அதை விளக்கச் சொல்ல வேண்டும். வகுப்புக்கு அகராதி கொண்டுவர மாணவரை அனுமதிக்க வேண்டும். ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்கள் வரும் பருவத்திலேயே ஒரு வினாவை மட்டுமாவது இப்படி மாற்றிப் பார்க்க முன்வர வேண்டும்.